ஒரு கோழிக்காலை வைத்துத் தசையைப் படிப்பது எப்படி

உயர்தர உயிரியல் படிப்பவர்களிடம் தசை சுருங்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால், "ஏ பட்டை மாறாது, ஐ பட்டை குறுகும், எச் வலயம் மறையும்" என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். ஏ பட்டை ஏன் மாறாது என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடும். தசைநாரில் குறுக்குக் கோடுகளாகத் தெரியும் அந்தப் பட்டைகளைக் கண்ணால் கண்டு, கையால் ஒருமுறை நகர்த்தியும் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய அங்கே ஒன்றும் மிஞ்சாது. வேண்டியது ஒரு கோழிக்கால், பாடசாலையில் இருக்கும் ஒளி நுணுக்குக்காட்டி, பத்துப் பன்னிரண்டு ஈர்க்கு. ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும்.

வாங்குவதும் ஆயத்தமும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கோழியை அன்றன்று வெட்டித் தரும் கடைக்குக் காலையிலேயே போங்கள். "நானா, பாதத்தை வெட்டாமல் முழுக்காலாகத் தாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் கத்தி மூட்டில் இறங்கிவிடும். பாதத்தோடு இரண்டு முழுக்கால், செட்டை ஒட்டியிருக்கும் நெஞ்சுப் பாதி ஒன்று. இவ்வளவும் போதும். சுப்பர் மார்க்கெட்டில் உறையவைத்து விற்கும் துண்டு இதற்கு உதவாது. உறையும்போது உருவாகும் பனிப்பளிங்குகள் தசைநார்களைக் கிழித்துவிடும். நுணுக்குக்காட்டியில் கந்தல் துணிதான் தெரியும். போயா தினத்தில் இறைச்சிக் கடை திறக்காது. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீடு என்றால் அன்று வேண்டாம். மச்சமே நுழையாத வீடு என்றால் வெட்டும் பகுதியைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். ஈர்க்கு மாதிரியும் உங்கள் உடலில் செய்யும் சோதனைகளும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை: கூர்முனைக் கத்தரிக்கோல், புருவம் எடுக்கும் சிறு இடுக்கி, பென்சில் நுனி அழிறப்பரில் செருகிய தையல் ஊசிகள் இரண்டு, சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பலகை. கழுவவும் நனைக்கவும் உப்புக் கரைசல் வேண்டும். 500 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் 4.5 கிராம் உப்பைக் கரைத்தால் 0.9 சதவீதம் வரும். வெறும் நீரில் போட்டால் பிரசாரணத்தால் நீர் உள்ளே ஏறித் தசைநார் ஊதி உருக்குலையும். நிறமூட்ட மெதிலீன் நீலம். தூளாகக் கிடைத்தால் 0.1 கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். அலங்கார மீன் கடைகளில் மீனுக்கு மருந்தாக விற்கும் நீலக் கரைசலும் இதுவே. ஆனால் போத்தலுக்குப் போத்தல் செறிவு வேறுபடும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டால் அடியில் உள்ள எழுத்து நீலத்தினூடே வாசிக்கக்கூடியதாக இருக்கும் வரை நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். இந்த நீலம் விரலில் நாட்கணக்கில் நிற்கும், வெள்ளைத் தரைக்கல்லில் அதற்கும் மேலே.

பச்சைக் கோழியில் சல்மொனெல்லா, கம்பைலோபற்றர் என்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். பலகை, கருவி, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொழும்பு வெப்பத்தில் மேசையில் கிடந்த இறைச்சியைப் பிறகு கறிக்குச் சேர்க்க வேண்டாம். அதற்கு வேறாக வாங்குங்கள்.

பாதத்தில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் கை முதலில் தொடைக்குத்தான் போகும். பாதத்தில் தொடங்குவது நல்லது. கணுக்காலுக்குக் கீழே செதில் மூடிய பகுதியின் பின்புறத் தோலை நீளவாக்கில் 3 சென்ரிமீற்றர் அளவு மேலோட்டமாகக் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக, பளபளப்பாகப் பல கயிறுகள் அருகருகே ஓடும். இவை தசைநாண்கள். இடுக்கியால் ஒன்றைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். விரல் மடியும். எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தால் பாதம் முழுதும் பற்றிக்கொள்ளும். முன்புறம் கீறி அங்குள்ள நாணை இழுத்தால் விரல்கள் நிமிரும்.

இரண்டு செய்திகள் இங்கேயே கைக்கு வந்துவிடும். விரலை அசைக்கும் சதை விரலில் இல்லை, மேலே கெண்டைக்காலில் இருக்கிறது. நாண் மட்டும்தான் கீழே வருகிறது. உங்கள் முன்கையை மறு கையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டினால் உங்களுக்கும் அப்படித்தான் என்பது தெரியும். மற்றது, தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். தள்ளத் தெரியாது. மடக்க ஒன்று, நிமிர்த்த இன்னொன்று என்று சோடியாக வைத்திருப்பது அதனால்தான்.

இனி மேலே வாருங்கள். கெண்டைக்கால் தோலைக் கத்தரியால் கீறிக் கையால் உரியுங்கள். தோலுக்கும் சதைக்கும் இடையில் ஈரமான, கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் விட்டுக்கொடுக்கும். தசைகளைப் பிரிக்கக் கத்தியை எடுக்கக் கூடாது. கரண்டிக் காம்போ விரல் நுனியோ போதும். இரண்டு தசைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் வைத்து மெல்ல நகர்த்தினால் தாமாகவே பிரியும். கத்தி வைத்தால் ஒரு தசையின் நடுவே வெட்டிவிட்டு, அது இரண்டு தசை என்று எண்ணிக்கொள்வீர்கள். ஆரம்பத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது.

பிரிக்கும்போது வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நாண் அல்ல. நாண் பளபளக்கும், விறைப்பாக இருக்கும், ஒரு முனை எலும்பில் போய் முடியும். நரம்பு மங்கலான வெள்ளை, வளைந்துகொடுக்கும், எலும்பில் பற்றாமல் தசைக்குள் கிளைவிட்டு மறையும். தொடையின் பின்புறம் தசைகளுக்கு நடுவே தடித்த நரம்பொன்று ஓடுவதைத் தவறவிடாதீர்கள். சுருக்கத்தைத் தொடக்கிவைக்கும் கட்டளை அந்த வழியாகத்தான் வருகிறது.

தனியாக எடுத்த ஒரு தசையைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முழுத் தசையையும் சுற்றி ஓர் உறை. உள்ளே சிறு சிறு கட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. கட்டுக்குள்ளே தசைநார்கள், ஒவ்வொரு நாருக்கும் மிக மெல்லிய ஓர் உறை. இந்த மூன்று உறைகளும் முனைக்கு வந்து ஒன்றாகித் தசைநாணாகின்றன. நாண் தசையில் ஒட்டவைத்த தனிப்பொருள் இல்லை என்பதால்தான் அவ்வளவு பாரத்துக்கும் பிய்ந்துவராமல் நிற்கிறது.

கறிக்கோழியைப் பிய்க்கும்போது நார் நாராக வருகிறதே, பல்லிடுக்கில் மாட்டுகிறதே, அது தசைநார் என்றே பலரும் நினைப்பார்கள். அது ஒரு கட்டு. அதற்குள் தசைநார்கள் ஏராளம். ஒரு தசைநாரின் தடிப்பு 10 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரைதான், ஏறத்தாழ ஒரு தலைமயிர் அளவு. ஆனால் நீளம் சென்ரிமீற்றர் கணக்கில் போகும். அவ்வளவும் ஒரே கலம். பல முதற்கலங்கள் இணைந்து உருவானதால் கருக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை விளிம்போரமாக ஒதுங்கியிருக்கும், நடுவிடம் முழுதும் சுருங்கும் பொறிக்கே.

கெண்டைக்காலில் நார்கள் ஓடும் திசையையும் பாருங்கள். சில தசைகளில் அவை நாணுக்கு நேராக ஓடுவதில்லை. தென்னோலை மட்டையில் ஓலைகள் சாய்ந்து பற்றுவதுபோல நாணில் சாய்வாகப் பற்றியிருக்கும். இப்படி அடுக்கினால் சிறிய இடத்தில் கூடுதல் நார்கள் பக்கம் பக்கமாகச் சேரும். பக்கம் பக்கமாக நார் கூடினால் விசை கூடும். வரிசையாக நீளம் கூடினால் சுருங்கும் தூரமும் வேகமும் கூடும். சாய்ந்த அடுக்கு விசைக்கானது.

நெஞ்சுப் பாதியை இனி எடுங்கள். வெளியே பெரிய தசை, அதை விலக்கினால் எலும்போடு ஒட்டி, வெள்ளை நாண் ஓடும் சிறு தசை. பெரியது செட்டையைக் கீழே அடிக்கிறது, சிறியது மேலே தூக்குகிறது. மேலே தூக்கவேண்டிய தசை நெஞ்சுக்கு அடியில் இருப்பது எப்படி? அதன் நாண் தோளில் மூன்று எலும்புகள் கூடும் ஒரு துளைக்குள் ஏறி, கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவதுபோலத் திரும்பி, மேற்கை எலும்பின் மேற்புறத்தில் பற்றுகிறது. சிறு தசையை இழுத்துப் பாருங்கள், செட்டை எழும்பும். பாரமான சதை கீழே இருப்பதால் பறவை பறக்கும்போது நிலைகுலையாது.

நெஞ்சு வெள்ளையாகவும் தொடை சிவந்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பு இரத்தத்தால் வருவதில்லை. ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. நாள் முழுதும் நின்று நடக்கும் காலுக்கு ஒட்சிசனோடு ஓயாமல் உழைக்கும் நார்கள் வேண்டும். எப்போதாவது படபடத்து ஏறும் நெஞ்சுக்கு வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்கள் போதும். ஓயாமல் நீந்தும் சூரை மீனை வெட்டும்போது பக்கவாட்டில் தெரியும் கருஞ்சிவப்புப் பட்டியும் இதே கதைதான்.

கோடுகளைக் காண்பது

பச்சைத் தசையை ஊசியால் பிரிப்பது கடினம், இணைப்பிழையம் விடாது. முதலில் வேகவைத்துக்கொண்டால் இணைப்பிழையத்தின் கொலாஜன் ஜெலற்றினாக இளகும். நாரிலுள்ள கோடுகள் அப்படியே நிற்கும். நெஞ்சுத் தசையிலிருந்து நார் ஓடும் திசையிலேயே தீக்குச்சித் தடிப்பில், 4 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு கீற்று வெட்டுங்கள். ஒன்றை ஓர் ஈர்க்கில் நீட்டிவைத்து இரு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மற்றதைக் கட்டாமல் விடுங்கள். இரண்டையும் உப்புக் கரைசலில் 15 நிமிடம் மெல்லிய தீயில் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் சிதறிவிடும். கட்டாத கீற்று கண் முன்னே குறுகித் தடிக்கும். கட்டியது குறுகாது. இந்த வேறுபாடு பிறகு வேண்டும்.

ஆறியபின் கட்டிய கீற்றிலிருந்து மயிரளவு ஒன்றை இடுக்கியால் உரித்து, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி உப்புக் கரைசலில் வையுங்கள். ஓர் ஊசியால் அசையாமல் பிடித்து, மற்ற ஊசியால் நீளவாக்கில் சீவுங்கள், தலை வாருவதுபோல. குறுக்கே குத்தக் கூடாது. கண்ணுக்கு அநேகமாக ஒன்றுமே தெரியாத அளவுக்கு மெலிந்தால்தான் சரியாகச் செய்திருக்கிறீர்கள். கரைசலை வடிதாளால் ஒற்றி எடுத்து, மெதிலீன் நீலம் ஒரு துளி விட்டு 2 நிமிடம் பொறுத்து, உப்புக் கரைசலால் கழுவி, மூடித்துண்டைச் சாய்த்து இறக்குங்கள். குமிழ் வந்தால் மறுபடி தூக்கி இறக்குவதே நேரம் மிச்சம்.

100 மடங்கில் தனியாகக் கிடக்கும், ஒன்றன்மேல் ஒன்று படாத நாரைத் தேடிக்கொண்டு 400 மடங்குக்கு மாறுங்கள். கோடு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் தவறு வெளிச்சத்தில் இருக்கும். மேடைக்குக் கீழேயுள்ள துவாரத்தைச் சுருக்குங்கள். வெளிச்சம் குறையக் குறைய, புத்தகப் பக்கங்களை ஓரத்தில் பார்ப்பதுபோல நெருக்கமான குறுக்குக் கோடுகள் மேலெழும். எல்லாம் ஒரே கருநீலமாக இருந்தால் நிறம் கூடிவிட்டது, இன்னும் கழுவுங்கள். நார் வட்டமாகத் தெரிந்தால் கீற்றைக் குறுக்காக வெட்டியிருக்கிறீர்கள்.

கண்டதோடு நில்லாமல் அளந்துவிடுங்கள். 100 மடங்கில் பிளாஸ்ரிக் அடிமட்டத்தின் மில்லிமீற்றர் கோடுகளை மேடையில் வைத்துப் பார்வைப் புலத்தின் விட்டத்தைக் கணியுங்கள். 1.8 மில்லிமீற்றர் என்று வந்தால், 400 மடங்கில் அது நான்கில் ஒன்று, அதாவது 0.45 மில்லிமீற்றர், 450 மைக்கிரோமீற்றர். புலத்தின் பத்தில் ஒரு பங்கு அகலத்தில், 45 மைக்கிரோமீற்றரில், எத்தனை கருங்கோடு என்று எண்ணுங்கள். 20 வந்தால் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஏறத்தாழ 2.25 மைக்கிரோமீற்றர். கட்டாமல் வேகவைத்த கீற்றிலும் இதையே செய்யுங்கள். அதில் கோடுகள் நெருங்கியிருக்கும்.

அந்த இடைவெளிதான் சார்கோமியரின் நீளம். தசைப்பாத்து என்றும் எழுதுவர். நீங்கள் காணும் கருங்கோடு ஏ பட்டை, வெளிர்கோடு ஐ பட்டை. ஐ பட்டையின் நடுவிலுள்ள இசட் கோட்டிலிருந்து அடுத்த இசட் கோடு வரை ஒரு சார்கோமியர். நாருக்குள் 1 முதல் 2 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள சிறுநார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சிறுநாரும் சார்கோமியர்கள் கோத்த ஒரு மாலை. பக்கத்துச் சிறுநார்களின் பட்டைகள் ஒன்றுக்கொன்று நேர் நிற்பதால்தான் நார் முழுவதும் வரியாகத் தெரிகிறது. பட்டைக்குள் இருக்கும் இழைகளை இந்த நுணுக்குக்காட்டி காட்டாது. அவை நனோமீற்றர் கணக்கு. அதற்குத்தான் ஈர்க்கு.

ஈர்க்கு மாதிரி

1 மைக்கிரோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் என்று அளவுத்திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த இழை மயோசின், 1.6 மைக்கிரோமீற்றர்: ஆகவே தடித்த ஈர்க்கு மூன்றை 16 சென்ரிமீற்றராக வெட்டுங்கள். மெல்லிய இழை அக்ரின், ஏறத்தாழ 1 மைக்கிரோமீற்றர்: மெல்லிய ஈர்க்கு எட்டை 10 சென்ரிமீற்றராக வெட்டுங்கள். இரண்டு மட்டைத்துண்டுகள் இசட் கோடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு மெல்லிய ஈர்க்கைச் சமஇடைவெளியில் உள்நோக்கி ஒட்டுங்கள். தடித்த ஈர்க்குகளை அந்த இடைவெளிகளில் படுக்கவைத்து, நடுவில் குறுக்காக ஒரு நூலால் கட்டுங்கள்; அந்தக் கட்டு எம் கோடு. எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வைத்து அடிமட்டத்தை எடுங்கள். உண்மையான தசையைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு தடித்த இழையையும் ஆறு மெல்லிய இழைகள் சூழ்ந்திருக்கும். மேசையில் அதைக் காட்ட முடியாது. நீளக் கணக்குக்கு இது போதும்.

இசட் முதல் இசட் வரை 24 சென்ரிமீற்றர் வையுங்கள். தடித்த ஈர்க்கு 16 சென்ரிமீற்றர் இடத்தைப் பிடித்திருக்கிறது, அது ஏ பட்டை. இருபுறமும் மெல்லிய ஈர்க்கு மட்டும் உள்ள இடம் 4 சென்ரிமீற்றர் வீதம். பக்கத்துச் சார்கோமியரின் பங்கும் சேர்ந்தால் ஐ பட்டை 8. நடுவில் மெல்லிய ஈர்க்கு எட்டாத இடம் 4, அது எச் வலயம். இப்போது இரண்டு மட்டைகளையும் உள்ளே தள்ளி 20 ஆக்குங்கள். ஐ பட்டை 4 ஆகிவிட்டது. எச் வலயம் இல்லை. ஏ பட்டை? அதே 16. தடித்த ஈர்க்கின் நீளமே ஏ பட்டை. ஈர்க்கு குறுகவில்லையே, பட்டை எப்படிக் குறுகும்? இழைகள் எதுவும் சுருங்குவதில்லை. ஒன்றையொன்று தாண்டி நழுவுகின்றன, அவ்வளவுதான்.

இதை 1954ஆம் ஆண்டு இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து, நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் வெளியிட்டன. ஒன்று அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றோல்வ் நீடர்கர்க்கும், மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹன்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். நீங்கள் அடிமட்டத்தால் அளந்த அந்த மாறாத 16 சென்ரிமீற்றர்தான் அவர்களுக்கும் கிடைத்த சான்று.

மாதிரியை இன்னும் இரண்டு இடத்துக்கு நகர்த்துங்கள். 16 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் தடித்த ஈர்க்கு இசட் மட்டையில் முட்டும், அதற்குமேல் போக இடமில்லை. 36 சென்ரிமீற்றருக்கு இழுத்தால் மெல்லியதும் தடித்ததும் ஒன்றையொன்று தொடாது. பிடிக்க ஆளில்லை, விசையும் இல்லை. அதிக விசை நடுவில், ஏறத்தாழ 20 முதல் 22 சென்ரிமீற்றர் வரை, அதாவது 2.0 முதல் 2.2 மைக்கிரோமீற்றர் வரை கிடைக்கிறது. தவளைத் தசையில் 1966இல் அளந்த வளைகோடும் ஏறத்தாழ இந்த ஈர்க்குக் கணக்கையே பின்பற்றுகிறது.

ஒரு சார்கோமியர் 2.4இலிருந்து 2.0 மைக்கிரோமீற்றருக்கு வந்தால் 0.4 மைக்கிரோமீற்றர்தான் லாபம். இதனால் எப்படி ஒரு கை மடங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெருக்கல்: 5 சென்ரிமீற்றர் நீளமான நாரில் இப்படிப்பட்டவை வரிசையாக ஏறத்தாழ 20,800. மொத்தம் 8 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. மூட்டுக்கு மிக அருகில் நாண் பற்றியிருப்பதால் அந்த 8 மில்லிமீற்றர் கை நுனியில் பல மடங்காகிறது.

இழுப்பது யார், விடுவது யார்

மயோசின் இழையின் இருபுறமும் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஓர் இழையில் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல அவை அக்ரினைப் பிடித்து, மடங்கி இழுத்து, விட்டு, முன்னே சென்று மறுபடி பிடிக்கின்றன. ஓர் இழுப்புக்கு ஏறத்தாழ 5 முதல் 10 நனோமீற்றர். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. விட்டால் வாளி கிணற்றில் விழுந்துவிடும்.

தசை ஓய்விலிருக்கும்போது தலைகள் பிடிக்காமலிருப்பது, அக்ரினில் பிடிக்கவேண்டிய இடத்தை துரோப்போமயோசின் என்ற நூல் மறைத்துக் கிடப்பதால். நரம்பில் கணத்தாக்கம் வந்து, முனையில் அசற்றைல்கோலின் என்ற தூதுப்பொருள் வெளியாகி, தசைநாரின் மென்சவ்வில் மின் மாற்றம் பரவி, குறுக்குக் குழாய்கள் வழியே நாரின் ஆழத்துக்குள் இறங்குகிறது. அங்கே தசை முதலுரு வலையுரு என்ற பையில் சேமித்துவைத்த கல்சியம் கொட்டுகிறது. கல்சியம் அக்ரினைப் பிடிப்பதில்லை, மயோசினையும் பிடிப்பதில்லை, துரோப்போமயோசினோடு ஒட்டியிருக்கும் துரோப்போனின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. துரோப்போனின் அசைந்து துரோப்போமயோசினை ஒதுக்குகிறது, இடம் திறக்கிறது. விடைத்தாளில் "கல்சியம் அக்ரினுடன் இணையும்" என்று எழுதி இழக்கும் புள்ளி வீணான இழப்பு.

கட்டுவிரியன் கடித்தால் முதலில் கண்ணிமை தொங்குவது இந்தத் தொடரின் முதல் கண்ணி அறுவதால். அதன் நஞ்சு நரம்பு முனையைச் சிதைத்து அசற்றைல்கோலின் வெளிவராமல் செய்கிறது. தசை நலமாகத்தான் இருக்கும், கட்டளைதான் வராது. மூச்சுத்தசைகளுக்கும் அது பரவும் என்பதால் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லை என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.ரீ.பி.யின் வேலையை இனிச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கச் சக்தி வேண்டும், அதற்கு ஏ.ரீ.பி. என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்திருக்கிறீர்கள். தலை அக்ரினை விடுவதற்கே புதிய ஏ.ரீ.பி. ஒன்று வந்து அதில் ஒட்ட வேண்டும். விட்டபின் அந்த ஏ.ரீ.பி. பிளவுபட்டுத் தலையை மீண்டும் நிமிர்த்தி வைக்கிறது, வில்லை நாணேற்றுவதுபோல. அடுத்த பிடியில், அந்தப் பிளவில் வந்த பொசுபேற்று வெளியேறும்போது இழுப்பு நடக்கிறது. கட்டளை நின்றதும் கல்சியத்தைத் திரும்ப வலையுருவுக்குள் ஏற்றவும் ஏ.ரீ.பி. செலவாகிறது. ஆகவே தசை தளர்வது இலவசமாக நடப்பதில்லை.

இதற்கு நிரூபணம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. வெட்டி அரை மணிக்குள் வீட்டுக்கு வந்திருந்தால், இரண்டாவது காலைப் பிரிக்காமல் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை முழங்காலை மடக்கிப் பாருங்கள். முதலில் துவளும். நேரம் போகப்போக விறைக்கும். கோழி செத்துவிட்டது, மூச்சில்லை, ஏ.ரீ.பி. தீர்ந்தது, பிடித்த தலைகளை விடுவிக்க எதுவுமில்லை, கோடிக்கணக்கான கைகள் கயிற்றைப் பிடித்தபடி உறைந்துவிட்டன. சில மணித்தியாலங்களில் மறுபடி இளகும். தலைகள் விட்டதால் இளகுகிறது என்று எழுதிவிடாதீர்கள். தசையின் சொந்த நொதியங்கள் இசட் கோட்டுப் பக்கமுள்ள புரதங்களை அறுப்பதால் இளகுகிறது.

ஆட்டிறைச்சி வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டியதும் இதில் உண்டு. விறைப்பு வருமுன்னே சிறு துண்டாக வெட்டிக் கடுங்குளிரில் வைத்தால் கல்சியத்தை ஏற்றும் பொறி குளிரில் தடுமாறும், கல்சியம் கசியும், மிச்சமிருக்கும் ஏ.ரீ.பி.யால் தசை நன்றாகச் சுருங்கி அந்நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு வேகவைத்தாலும் சவ்வுபோல இருக்கும். எலும்போடு பெரிய துண்டாக வைத்தால் எலும்பு இழுத்துப் பிடிப்பதால் அவ்வளவு குறுகாது.

இதயத்திலும் இதே வரிகளும் இதே நழுவலும் உண்டு. ஆனால் அங்கே கல்சியத்தில் ஒரு பங்கு கலத்துக்கு வெளியிலிருந்து வந்து உள்ளேயுள்ள சேமிப்பைத் திறக்கிறது. குடலிலும் குருதிக் குழாய்ச் சுவரிலும் உள்ள மழமழப்பான தசையில் சார்கோமியர் இல்லை, துரோப்போனினும் இல்லை. கல்சியம் கல்மொடியூலின் என்ற வேறு புரதத்தைப் பிடிக்கிறது. மெதுவாகச் சுருங்கும், நெடுநேரம் பிடித்து நிற்கும்.

உங்கள் உடலில் மூன்று சோதனை

மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பென்சிலை இறுகப் பற்றுங்கள். நண்பரோ தங்கையோ உங்கள் மணிக்கட்டை மெல்ல உள்நோக்கி முழுதாக மடக்கட்டும். பிடி தளரும், பென்சில் எளிதாக உருவி வரும். விரல் மடக்கும் தசைகள் ஏற்கனவே குறுகிவிட்டன, ஈர்க்கு மாதிரியில் 16 சென்ரிமீற்றர் பக்கம் போய்விட்டன. பின்புற நாண்களோ நீண்டு விரலை நிமிர்த்த இழுக்கின்றன. அளவில் எழுத விரும்பினால் குளியலறைத் தராசை இரு கையாலும் நசுக்கி, மணிக்கட்டு நேராக இருக்கும்போது எத்தனை கிலோ, மடங்கியிருக்கும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காலி வீதி வாகன இரைச்சல் அடங்கிய இரவில் இரண்டு பெருவிரலாலும் காதை அடைத்து, முட்டியை இறுக்குங்கள். தூரத்து இடிபோல ஓர் உறுமல் கேட்கும். தளர்த்தினால் நிற்கும். நார்கள் ஒன்றாகச் சுருங்காமல் கூட்டம் கூட்டமாக மாறி மாறிச் சுருங்குவதன் அதிர்வு அது. ஒரு நரம்புக் கலமும் அது ஆளும் நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. இறுக்க இறுக்கக் கூடுதல் அலகுகள் களத்துக்கு வரும், உறுமல் கனக்கும். ஒரு நாரைப் பாதி விசையில் சுருக்கும் கட்டளை என்று ஒன்று நரம்பில் இல்லை. எத்தனை அலகு, எவ்வளவு அடிக்கடி என்பதைக்கொண்டே உடல் விசையைக் கூட்டிக் குறைக்கிறது.

மூன்றாவது சோதனைக்குச் சிவனொளிபாதமலை யாத்திரை வரை காத்திருக்கலாம், இல்லாவிட்டால் தொடர்மாடி வீட்டுப் படிக்கட்டே போதும். பத்து மாடியை மின்தூக்கியில் ஏறிப் படியால் இறங்குங்கள், மூன்று நான்கு தடவை. மூச்சு வாங்காது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் முன்தொடை வலிக்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே உடல் பாரத்தால் நீள்கிறது. பிடித்த தலைகள் பலவந்தமாக இழுபடுகின்றன, சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு இசட் கோடுகள் குலைகின்றன. மலையிலிருந்து வந்து இரண்டாம் நாள் நடக்க முடியாமல் கிடப்பதை இலற்றிக் அமிலத்தின்மேல் போடுவது பழைய வழக்கம். அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து அகன்றுவிடும், இந்த வலியோ 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. இரண்டு வாரம் முன்னதாகவே சில நாட்கள் படி இறங்கிப் பழகினால் மலையில் வலி வெகுவாகக் குறையும். ஏறிப் பழகுவது மூச்சுக்கு நல்லது, இந்த வலிக்கு அது பெரிதாக உதவாது. வலியோடு சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை உடைந்து மயோகுளோபின் சிறுநீரகத்துக்குப் போகிறது, அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.